பில்டிங் நிக்குதுல்ல? 2014-ன் இரண்டு விபத்துகளும் ஒரு பள்ளிக்கூடப் பாடமும்

போன எபிசோடில் சென்னையோட ஏரிகளைப் பற்றிப் பேசினோம். இன்னைக்கு ஏரியை விட்டுக் கரைக்கு வருவோம். கரையில் எழுந்து நிற்கிற கட்டடங்களைப் பற்றிப் பேசலாம்.

போரூர் ஜங்ஷனில் இருந்து குன்றத்தூர் ரோட்டில் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் மௌலிவாக்கம். இப்ப அந்தப் பக்கம் போனீங்கன்னா ரெண்டு பக்கமும் அபார்ட்மென்ட், பிரியாணிக் கடை, ஜிம், டூ-லெட் போர்டு. உங்களில் பாதிப் பேர் அங்கேதான் வாடகைக்கு இருப்பீங்க. ராமாபுரம், மணப்பாக்கம் ஐ.டி. கம்பெனிகளுக்குப் பக்கம், வாடகையும் நகருக்குள் இருப்பதைவிடக் குறைவு. 2014-ல் அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஒரு பஞ்சாயத்து. அங்கே இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் எழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 11 மாடி. திட்டத்துக்கு வைத்த பெயர் ட்ரஸ்ட் ஹைட்ஸ். ஒரு கட்டடத்துக்குப் பெயர் ஃபெய்த், இன்னொன்றுக்கு பிலீஃப். மூன்று பெயருக்குமே தமிழில் நாம் சொல்வது ஒரே வார்த்தைதான்: நம்பிக்கை.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. அன்று காலையில்தான் டெல்லி இந்தர்லோக் பகுதியில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம் விழுந்து 10 பேர் இறந்த செய்தி டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் 5 மணிவாக்கில் இங்கே மழை, இடி. அந்த நேரத்தில் மௌலிவாக்கத்தில் ஒரு கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. சாயவில்லை, பக்கவாட்டில் சரியவில்லை. நின்ற இடத்திலேயே மாடி மேல் மாடியாக இறங்கியது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலாளர்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், டைல்ஸ் போடுகிறவர். பெண்களும் இருந்தார்கள். அரக்கோணத்தில் இருந்து தேசிய பேரிடர் மீட்புப் படை வந்தது. ஸ்லாபுகளை வெட்டி வெட்டி, மோப்ப நாய்களை விட்டுத் தேடினார்கள். நாள் கணக்கில் தேடல் நடந்தது. 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். 61 பேர் இறந்தார்கள்.

முதல் நாளே ஒரு காரணம் வெளியே வந்தது: மின்னல். இடி விழுந்ததால் கட்டடம் விழுந்தது என்று கட்டியவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, எங்க டீக்கடையிலும் ரெண்டு நாள் அதைத்தான் பேசினாங்க. "இயற்கை, நாம என்ன பண்ண முடியும்?"

இந்த எபிசோடு அந்தக் கேள்வியில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆனா, கட்டடம் ஏன் விழுந்தது என்று கேட்பதற்கு முன்னாடி நாம் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வி இருக்கு. அந்தக் கட்டடம் முந்தின நாள் வரைக்கும் ஏன் நின்றது?

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடம் இயக்க விதிகள். சமப்படுத்தப்பட்ட விசைகள், சமப்படுத்தப்படாத விசைகள், திருப்புத்திறன். நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணி, ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதி, மறந்தாச்சு. படத்தில் ஒரு மேஜை, மேலே ஒரு புத்தகம், கீழே ஒரு அம்பு, மேலே ஒரு அம்பு. புவி புத்தகத்தைக் கீழே இழுக்கிறது, மேஜை அதை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமம். புத்தகம் அசையவில்லை. அவ்வளவுதானே?

அங்கேதான் ஒரு குட்டி விஷயத்தைக் கவனிக்கணும். மேஜைக்கு எப்படித் தெரியும், எவ்வளவு தள்ளணும் என்று? அரைக் கிலோ புத்தகம் வைத்தால் அரைக் கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. பத்து கிலோ அரிசி மூட்டை வைத்தால் பத்து கிலோவுக்குத் தள்ளுகிறது. ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. கூடுதலாகத் தள்ளினால் மூட்டை மேலே பறந்திருக்கும். மேஜைக்கு மூளை கிடையாது. நாம எடையை வைக்கும்போது பலகை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, ஸ்பிரிங் மாதிரி. எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு திருப்பித் தள்ளும். எடையும் தள்ளுவிசையும் சமமாகிற இடத்தில் வளைவது நின்றுவிடும். கான்கிரீட் தூணும் இதையேதான் செய்கிறது. மேலே மாடி ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குகிறது. மில்லிமீட்டர் கணக்கு. அமுங்கின அளவுக்கு மேலே தள்ளுகிறது.

அப்படின்னா, 100 டன் தாங்கக்கூடிய தூண் மேல் 40 டன் இருந்தாலும் நிகர விசை பூஜ்யம். 99 டன் இருந்தாலும் நிகர விசை பூஜ்யம். ரெண்டு தூணும் அசையாமல் நிற்கும். வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பாடப் புத்தகம் ரெண்டுக்கும் ஒரே படம்தான் போடும், ரெண்டு அம்பு, சம நீளம். ஆனா ஒன்றில் நீங்க தைரியமாகக் குடியிருக்கலாம். இன்னொன்றில் மேலே ஒரு தண்ணி டேங்க் வைத்தால் போதும்.

விசைகளை எடை போடும் கணக்கு ரொம்பப் பழசு. நெம்புகோல் கணக்கை ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3-ம் நூற்றாண்டிலேயே போட்டுவிட்டார். 1586-ல் சைமன் ஸ்டெவின் என்கிற டச்சுக்காரர் சாய்தளத்தில் ஒரு சங்கிலி ஏன் தானாகச் சுற்றாது என்று யோசித்து, விசைகள் எப்படிச் சமன்படும் என்று காட்டினார். நியூட்டன் புத்தகம் 1687. நம்ம ஊரில் எழுத்துக்கு முன்னாடியே கைப்பழக்கத்தில் இது இருந்தது. தலையாட்டி பொம்மையைத் தஞ்சாவூரில் யாரும் சமன்பாடு எழுதிச் செய்யவில்லை. அடியில் எடை இருக்கணும், தள்ளினால் திரும்பி வரணும், அவ்வளவுதான். அது உறுதிச் சமநிலை. மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதைப் பள்ளியில் படித்திருப்பீங்க. ராஜாக்களுக்குச் சொன்ன அறிவுரை அது. எனக்கு என்னமோ அதைப் படிக்கும்போதெல்லாம் சைட் இன்ஜினியர் ஆபீஸில் ஃப்ரேம் போட்டு மாட்டணும்னு தோணும்.

சரி, கொஞ்சம் கணக்குப் போடலாம். பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ. பத்துக்குப் பத்து ரூம், 5 இன்ச் ஸ்லாப். அந்தக் கூரை மட்டும் கிட்டத்தட்ட 3 டன். உங்க தலைக்கு மேலே இப்ப மூன்று ஸ்விஃப்ட் கார் தொங்கிக்கிட்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க. அதோடு பீம், செங்கல் சுவர், பூச்சு, டைல்ஸ், கட்டில், பீரோ, ஆட்கள். எல்லாம் சேர்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் போகும். ஒரு தூண் நாலுக்கு நாலு மீட்டர் பரப்பைத் தாங்குகிறது என்றால் ஒரு மாடிக்குச் சுமார் 20 டன். பதினோரு மாடி என்றால் கீழ்த்தளத் தூணின் காலில் 220 டன். யானை ஒன்று 4 டன் என்று வைத்தால் 55 யானை. ஒரே தூண் மேல். இது மௌலிவாக்கத்தின் கணக்கு இல்லை, பொதுவான ஒரு கட்டடத்துக்கு நான் போட்ட உதாரணம். ஆனா அளவு இந்த மாதிரிதான்.

இங்கே கவனிங்க, மேல் மாடித் தூண் 20 டன் தாங்கினால் போதும், கீழ்த் தூண் 220 தாங்கணும். கட்டி முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு மாதமும் கீழ்த் தூணுக்குச் சுமை ஏறிக்கொண்டே இருக்கும். ஆறாவது மாடி போடும்போது நின்றது, எட்டாவது போடும்போதும் நின்றது என்பதெல்லாம் பதினோராவதுக்குச் சான்று ஆகாது. கட்டடம் முடியப் போகிற நேரத்தில்தான் தூண் முதல்முறையாகத் தன் முழுச் சுமையைச் சந்திக்கிறது.

இதனால்தான் இன்ஜினியர்கள் "சமமாக இருந்தால் போதும்" என்று கட்டுவது கிடையாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அதன்படி எடையும் ஆள் நடமாட்டமும் சேர்ந்த சுமையை முதலில் 1.5 ஆல் பெருக்கணும். 220 டன் வரும் என்றால் 330 டன்னுக்கு டிசைன் பண்ணணும். அதோடு கான்கிரீட்டின் பலத்தையும் கம்பியின் பலத்தையும் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கணும். சைட்டில் தண்ணி அதிகமாகக் கலப்பார்கள், கம்பி கொஞ்சம் நகரும், மனிதன் தப்புப் பண்ணுவான் என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியும்.

தூணுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேஜையில் நிறுத்தி மேலிருந்து அமுக்கிப் பாருங்க. நசுங்காது. பக்கவாட்டில் வில் மாதிரி வளைஞ்சு போயிடும். ஒல்லியான தூண்கள் இப்படித்தான் தோற்கும். இதுக்குக் கணக்குப் போட்டவர் ஆய்லர், 1744-ல். ஒல்லியான தூணின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தாங்கும் எடை கால்வாசியாகும் என்பதுதான் அவர் கணக்கில் வருவது. பாதி ஆகும்னுதானே நினைச்சீங்க? நானும்தான்.

மௌலிவாக்கத்துக்குத் திரும்புவோம். தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.ரெகுபதி தலைமையில் விசாரணை கமிஷன் அமைத்தது. அந்த ஆகஸ்டிலேயே அறிக்கை வந்தது. அது கை காட்டியது வானத்தை அல்ல, கட்டமைப்பு வடிவமைப்பை. மேலே இருந்த சுமைக்குத் தூண்கள் போதவில்லை. இடி ஒரு கட்டடத்துக்குச் சேதம் செய்யும், மறுக்கவில்லை. ஆனா இடி விழுகிற எல்லாக் கட்டடமும் உட்கார்ந்துவிடுவதில்லை. விளிம்பில் நிற்கிறவனைத் தள்ளக் காற்று போதும். அப்புறம் காற்று மேல கேஸ் போட முடியுமா?

ஒரு தூண் போனால் ஏன் முழுக் கட்டடமும் போகிறது? தூண் உடைந்ததும் அதன் மேல் இருந்த 200 டன் மறைந்துவிடாது. அது பக்கத்துத் தூண்களைத் தேடிப் போகும். அவற்றுக்கும் மிச்சப் பலம் இல்லையென்றால் அவையும் போகும். 1968 மே மாதம் லண்டனில் ரோனன் பாயிண்ட் என்கிற 22 மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டில் கேஸ் வெடித்தது. ஒரு சுவர் வெளியே போனது. அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ் வரை சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். ஒரு இடத்தில் அடிபட்டால் முழுசும் விழக்கூடாது என்று அதற்கப்புறம்தான் பிரிட்டனில் விதி எழுதினார்கள். 1995 ஜூன் 29, சியோல், சாம்பூங் டிபார்ட்மென்ட் ஸ்டோர். தூண்களை ஒல்லியாக்கினார்கள், ஒரு மாடி கூடுதலாகப் போட்டார்கள், மொட்டைமாடியில் பெரிய ஏ.சி. யூனிட்டுகளை வைத்தார்கள். 502 பேர். 2013 ஏப்ரல் 24, டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா, 1,134 பேர். அங்கே முந்தின நாளே விரிசல் தெரிந்தது. கீழே இருந்த பேங்க் தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. மேலே இருந்த கார்மென்ட்ஸ் தொழிலாளர்களை மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். விசை எல்லாருக்கும் ஒன்றுதான். "இன்னைக்கு லீவு" என்று யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதே இடத்தில் அடுத்த விபத்தைச் சொல்லணும். மௌலிவாக்கத்துக்குக் கிடைத்த கவனம் இதுக்குக் கிடைக்கவில்லை. 61 பேரின் செய்தி இன்னும் அடங்கவில்லை, எட்டு நாள் கழித்து, 2014 ஜூலை 6, ஞாயிறு. ஆவடியில் இருந்து செங்குன்றம் போகிற பக்கம், அலமாதி அருகே உப்பரபாளையம். ஒரு குடோனின் சுற்றுச்சுவர், 20 அடி உயரம். அந்தச் சுவரை ஒட்டிக் குடிசை போட்டு ஆந்திராவில் இருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள் தங்கியிருந்தார்கள். மழை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சுவர் விழுந்தது. 11 பேர் இறந்தார்கள்.

சுவர் விழுவதும் தூண் நசுங்குவதும் ஒரே பாடத்தின் இரண்டு பகுதிகள். சமநிலைக்கு ரெண்டு நிபந்தனை. மேலே-கீழே, இடது-வலது விசைகள் சமமாக இருக்கணும் என்பது ஒன்று. இன்னொன்றை நாம அதிகம் மறப்போம்: திருப்புத்திறனும் சமமாக இருக்கணும். அதாவது, பொருளைச் சுழற்றப் பார்க்கிற முயற்சிகள் ஒன்றையொன்று அடிச்சுக்கணும். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் திறக்காது, கைப்பிடி பக்கம் தள்ளினால் சுலபமா திறக்கும். விசை ஒன்றுதான், தூரம் வேற. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவதுதான் திருப்புத்திறன்.

ஒரு சுவரை எடுத்துக்கோங்க. வெறும் 9 இன்ச் செங்கல் சுவர், நடுவில் தூண் கிடையாது. 6 அடி உயரம். ஒரு மீட்டர் நீளத்துக்கு எடை சுமார் 790 கிலோ. காற்று இதைத் தள்ளினால் சுவர் தன் அடிவிளிம்பில்தான் கவிழணும். எடை அந்த விளிம்பில் இருந்து நாலரை இன்ச் தூரத்தில் இருந்து அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. கிலோவை மீட்டரால் பெருக்கும் கணக்கில் நிமிர்த்துகிற பக்கம் 90. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ அளவுக்குத் தள்ளும். கவிழ்க்கிற பக்கம் 28. மூன்று மடங்கு பாதுகாப்பு. வீட்டு காம்பவுண்ட் சுவர் ஏன் பொதுவாக நிற்கிறது என்பது புரிகிறதா?

இப்ப அதே 9 இன்ச் சுவரை 20 அடிக்கு உயர்த்துவோம். எடை மூன்று மடங்குக்கு மேல் கூடும், நல்லதுதான், நிமிர்த்துகிற பக்கம் 300 ஆகும். ஆனா காற்று தள்ளுகிற பரப்பும் மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது, அது தள்ளுகிற சராசரி உயரமும் அதே அளவு கூடுகிறது. ரெண்டையும் பெருக்கணும். கவிழ்க்கிற பக்கம் 11 மடங்கு ஏறி 310-க்கு வந்துவிடும். அதே மேஸ்திரி, அதே செங்கல், அதே சிமெண்ட். உயரத்தை மட்டும் கூட்டினோம், 60 கிலோமீட்டர் காற்றில் கவிழுகிற நிலைக்கு வந்துவிட்டது. நடுநடுவே தூண், கீழே அகலமான அஸ்திவாரம் எல்லாம் இதற்காகத்தான். இதுவும் உதாரணச் சுவர்தான், உப்பரபாளையம் சுவரின் அளவுகளை வைத்துப் போட்டதல்ல.

காற்றுக்குப் பதிலாக ஒரு பக்கம் மண்ணோ தண்ணீரோ தேங்கினால் கணக்கு இன்னும் மோசம். தண்ணீர் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். ஆழம் இரண்டு மடங்கானால் கவிழ்க்கிற திருப்புத்திறன் எட்டு மடங்கு. அதனால்தான் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை யாரும் நேராகச் சுவர் மாதிரி கட்டவில்லை. அடியில் அகலமாக, மேலே குறுகலாக, மண்ணைக் கொட்டி மலை மாதிரிப் படுக்க வைத்தார்கள். நம்ம ஊரில் ஏரிக்கரை போட்ட பழைய ஆட்களுக்கு இந்த மூன்றாம் அடுக்குக் கணக்கு தெரியாது. உடைந்த கரைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மழையில் இன்னொன்றும் நடக்கும். அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கிற மண் ஊறும். மேலே எல்லாம் சரியாக இருந்தாலும் கீழே தாங்குகிற கை தளர்ந்துவிடும். சுவர் ஒரு டிகிரி சாய்ந்தாலே எடையின் கோடு விளிம்பை நோக்கி நகரும். நகர நகர நிமிர்த்துகிற தூரம் குறையும். குறையக் குறைய இன்னும் சாயும். தலையாட்டி பொம்மைக்கு நேர் எதிர் இது. அது தள்ளினால் திரும்பி வரும், இது தள்ளினால் இன்னும் போகும்.

2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் அருகே நடூர். கனமழை, விடியற்காலை, இதே போல 20 அடிச் சுவர். கீழே இருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள், எல்லோரும் தலித்துகள். அது தங்களைப் பிரித்து வைக்கக் கட்டிய தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். இயற்பியலில் சுவருக்கு ரெண்டு பக்கமும் ஒன்றுதான். நம்ம ஊரில் அப்படி இல்லை. எந்தப் பக்கம் யார் வீடு இருக்கு என்பது ஏற்கனவே முடிவாகியிருக்கும்.

மௌலிவாக்கத்தில் மீதி இருந்த கட்டடத்தின் கதைதான் இதில் விசித்திரமானது. ஒன்று விழுந்து இன்னொன்று நின்றுகொண்டே இருந்தது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம். 2015 டிசம்பர் வெள்ளமும் வந்து போனது. அப்பவும் நின்றது. அந்த ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் பொருத்தாத 11 மாடி. பஸ்ஸில் யாரோ ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "இதுதான் சார் நிக்குதே, இதை எதுக்கு இடிக்கணும்?" வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2016 நவம்பர் 2 சாயங்காலம், அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி பண்ணிவிட்டு, வெடி வைத்து இடித்தார்கள். சில நொடிகள், அப்புறம் தூசி.

வெடி வைத்து இடிப்பது என்றால் கட்டடத்தையே வெடிக்க வைப்பது இல்லை. தூண்களில் ஓட்டை போட்டு அங்கே மட்டும் மருந்து வைப்பார்கள். அவங்க வெட்டுவது அந்த மேல்நோக்கின அம்பை மட்டும்தான். கீழ்நோக்கின அம்பு மிச்ச வேலையைப் பார்த்துக்கும். 2020-ல் கொச்சி மரடில் நாலு அடுக்குமாடிகளையும் 2022 ஆகஸ்ட் 28-ல் நொய்டாவில் 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தையும் இப்படித்தான் இறக்கினார்கள். நொய்டாவில் 3,700 கிலோ மருந்து. இடித்தது பெரும்பாலும் அந்தக் கட்டடத்தின் சொந்த எடைதான்.

இப்ப விதிகள் மாறியிருக்கின்றன. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் போனால் உயர்மாடிக் கட்டடம், அதற்குத் தனிக் கட்டுப்பாடு. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டம், நாம ரேரா என்கிறோமே, அதில் 14-ம் பிரிவு. வீட்டைக் கையில் வாங்கி ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் கட்டினவர் தன் செலவில் சரி பண்ணணும். ஃபிளாட் வாங்கப் போறவங்க மாடுலர் கிச்சன் பார்க்கிற நேரத்தில் பாதியை ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கேட்பதில் செலவழிங்க. கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பாங்க. பார்க்கட்டும்.

நான் ஏன் இந்த எபிசோடு பண்ணினேன் என்றும் சொல்லிடறேன். பூந்தமல்லி பக்கம் நான் இருக்கிற அபார்ட்மென்டில் போன மாதம் கீழே கார் பார்க்கிங்கில் தட்டுகிற சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால் பிளம்பர் அண்ணன் உளியும் சுத்தியலுமாகத் தூணைக் கொத்திக்கிட்டு இருக்கார். மழைத்தண்ணி பைப்பை வெளியே தெரியாமல் தூணுக்குள் பதிக்கணுமாம், அசோசியேஷனில் யாரோ அழகா இருக்கும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு இன்ச் ஆழத்துக்குக் கொத்தியாச்சு. தூணில் கம்பிக்கு மேல் இருக்கிற கான்கிரீட் மூடலே 40 மில்லிமீட்டர்தான், ஒன்றரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே. ரிங் கம்பி பளபளன்னு தெரியுது. நெடுக நிற்கிற கம்பிகள் வெளியே பிதுங்காமல் பிடிச்சு வைக்கிறதே அந்த ரிங்தான். ஆய்லர் ஸ்கேல் ஞாபகம் வருதா? நான் நிறுத்தச் சொன்னேன். அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார், நாலு மாடியையும். "பில்டிங் நிக்குதுல்ல தம்பி?"

எனக்குச் சட்டுனு பதில் வரல. நிக்குதுதான். அம்பு ரெண்டும் சமமாத்தான் இருக்கு.

அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் ரெண்டு நாள் சண்டை. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்தோம். அவர் பார்த்துவிட்டு, கொத்தினதை எப்படி மூடணும், எந்தக் கலவை போடணும் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த தூணைத் தொடக்கூடாது என்றார். அவருக்குக் கொடுத்த ஃபீஸை யார் கணக்கில் எழுதுவது என்று குரூப்பில் இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. பைப் இப்ப தூணுக்கு வெளியே, கிளாம்ப் போட்டு, சாம்பல் நிறத்தில் தெரியத் தெரிய ஓடுது.

அடுத்த வாரம் ஆவடி டேங்க் ஃபேக்டரி. அதுவரைக்கும், உங்க ஏரியாவில் 20 அடிச் சுவர் எதையாவது பார்த்தீங்கன்னா, அதை ஒட்டி யாராவது குடியிருக்காங்களான்னு பார்த்து எனக்கு எழுதுங்க.